கால்மாட்டில் நின்ற குடும்பம்

பாஸ்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வருகிறவர்கள் டிம்ப்னா ஸ்கேன்லனின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தேநீர் ஆறுவதுகூடத் தெரியாமல், தங்கள் முன்னோர் ஏதாவது ஒரு கோட்டையில் வாழ்ந்தவர் என்று அவள் சொல்வாளா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "கூலிக்காரர். ஒரு குடிசை. தோட்டம் கிடையாது," என்பாள். சிலருக்குக் கண் கலங்கும். சிலர் ஊருக்குப் போய் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த வேறு ஆள் ஒரு கோட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டால், "நல்லது, மழைக்கு ஒதுங்கலாம்," என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

ஸ்லைகோ மாவட்டத்தின் தெற்கே, பாலிமோட் என்ற சிற்றூருக்கு அருகில் இருந்தது அவள் வீடு. வேலையில் இருந்த காலம் முழுக்க நூலக வண்டி ஓட்டியவள். சந்து முனைகளில் வண்டியை நிறுத்திப் புத்தகம் கொடுக்கும்போது, அமெரிக்காவிலிருந்து வந்த கடிதத்தை யாராவது நீட்டி, "எங்க வம்சத்தைக் கேக்குறாங்க, என்ன எழுதறது?" என்பார்கள். அப்படித்தான் அவள் பங்குக் கோயில் பதிவேடுகளுக்குள்ளும் நிலக் கணக்குகளுக்குள்ளும் போனாள். ஓய்வு பெற்ற பிறகு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. கணவர் ஓவன் இறந்துவிட்டார். பெரிய சாலையோரத்துப் புதிய கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லில் இவள் பெயரும் பிறந்த வருஷமும் ஏற்கெனவே செதுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு சிறு கோடு, கோட்டுக்கப்புறம் வெற்றிடம். அதைப் பார்க்கும்போது அவளுக்குப் பயமோ துக்கமோ வந்ததில்லை. தன் பெயரில் ஒரு தேதி பாக்கி இருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். தன்னுடையதற்கு இடம் தயாராக இருக்கிறது, அவ்வளவே.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஞானஸ்நானப் பதிவில் எல்லோரும் தகப்பன் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள். அவள் ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களை முதலில் படிப்பாள். பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கக் கூப்பிடப்பட்டவர் யார் என்பதில் அந்த வீடு யாருடைய வீடு என்பது இருக்கிறது என்பாள். இன்னொரு வழக்கமும் உண்டு. ஏட்டில் உள்ளதைச் சொல்வாள், அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கமாட்டாள்.

ஆனால் இத்தனை வருஷத்தில் பிறந்த வீட்டை அவள் தேடியதே இல்லை. கேரோகோரில் டான்சி வீடு மேட்டின் மேல் கண்ணெதிரே நிற்கிறது. அண்ணன் மாலக்கி டான்சி அதில் தனியாக இருக்கிறார். இருக்கிற வீட்டைத் தேடுவானேன்? தெரியாததை மனிதர் எப்படியாவது தேடிவிடுகிறார்கள். தெரியும் என்று நினைப்பதுதான் தேடப்படாமலே போகிறது.

அந்த வருஷம் குளிர் விலகும் நேரத்தில் மாலக்கிக்கு நெஞ்சு வலி வந்தது. டிம்ப்னா காரில் ஸ்லைகோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் திரும்பினாள். அடுப்பருகே உட்கார வைத்துவிட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி கேட்டாள்.

"உன்கிட்ட தனியா டாக்டர் என்ன சொன்னாரு?"

"புது டயர் வாங்காதேன்னாரு."

"அண்ணே."

"அவரு அப்படிச் சொல்லல. நான் அப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்." மாலக்கி நாற்பது வருஷம் பால் லாரி ஓட்டியவர். "டிம்ப்னா, என்னைக் கில்வார்னாவுலதான் வைக்கணும்."

கில்வார்னா ஏரிக்கு மேலே குன்றில் இருக்கும் பழைய கல்லறை. கூரையில்லாத ஒரு கோயில் சுவர், அதைச் சுற்றி நூற்றாண்டுகளாகப் புதைத்துப் புதைத்து மேடாகிப்போன பூமி.

"கில்வார்னாவை மூடிட்டாங்களே. ஏற்கெனவே இடம் இருக்குற குடும்பத்துக்கு மட்டும்தான் இனிமே."

"நமக்கா இடம் இல்ல? மூணு கல்லு நிக்குதே! குரோம்வெல் காலத்துலேர்ந்து நிக்குது."

"குரோம்வெல்லை விடு. அதுக்கடியில யாரு இருக்கா?"

"டான்சிங்க."

"எந்த டான்சி?"

"செத்த டான்சிங்க," என்றார் மாலக்கி. "வேற எந்த டான்சியைப் புதைப்பாங்க?"

டிம்ப்னா சிரிக்கவில்லை. "புதுக் கல்லறையில என்ன குறை? அப்பாவும் அம்மாவும் அங்கதானே இருக்காங்க."

"அந்தக் குழி நிறைஞ்சு போச்சு. அத்தையை வேற உள்ள தள்ளினோமே. அப்பா கேட்டதும் கில்வார்னாதான், அம்மா ஒத்துக்கல. தவிர, அந்த மேட்டுல வர்ற லாரிக்காரன் ஒவ்வொருத்தனும் சரியா கல்லறை வாசல்லதான் கியர் மாத்துறான். உசிரோட இருக்கும்போது கேட்டது போதும். செத்தும் கேக்கணுமா? உனக்கென்ன, ஓவன் பக்கத்துல துண்டு போட்டு வச்சாச்சு. நான் எங்க போறது?"

கேட்ட குரல் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் வாங்கிய ரொட்டியைத் தின்னாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள்.

மறுநாள் மாவட்ட மன்ற அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அங்கே கல்லறைகளைக் கவனித்த கிரான்யா அவளை நன்றாக அறிந்தவள்.

"இதுக்கா போன் பண்றீங்க, டிம்ப்னாம்மா? ஊர்ல எல்லாருக்கும் நீங்கதானே எழுதிக் குடுக்குறீங்க. 'டான்சி குடும்பத்து இடம்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. நான் முத்திரை குத்திடறேன்."

"பாத்துட்டு எழுதறேன்."

"எதைப் பாக்கப் போறீங்க? உங்க குடும்பம்தானே?"

"அதனாலதான்," என்றாள் டிம்ப்னா.

மாவட்ட நூலகத்தில் பங்குப் பதிவேடுகளைப் படமெடுத்த சுருள் இருந்தது. எத்தனையோ பேருக்காகச் சுழற்றிய அதே கைப்பிடி. 1840-களின் பெரும் பஞ்சத்துக்கு முந்தைய வருஷங்களிலிருந்து தொடங்கினாள். கில்வார்னா பங்கில் கிரையன்கள் இருந்தார்கள், ஸ்கேன்லன்கள் இருந்தார்கள், இன்று பெயரே இல்லாமல் போன குடும்பங்கள் இருந்தன. டான்சி என்று ஒருவர் இல்லை. 1862 வரை இல்லை. அந்த வருஷம் முதல் முறையாக ஒரு பிள்ளை: பார்ட்லி, தகப்பன் ரோஜர் டான்சி, தாய் ஹனோரா கிரையன். ஞானத்தகப்பன் ஒரு கிரையன், ஞானத்தாய் ஒரு கிரையன். அடுத்த பிள்ளைக்கும் கிரையன்கள். ஒவ்வொரு பிள்ளையையும் கிரையன்களே ஏந்தினார்கள். ஒரு பிள்ளையைக்கூட ஒரு டான்சி ஏந்தவில்லை.

அந்த வட்டாரத்தில் முதல் பையனுக்குத் தகப்பனுடைய தகப்பன் பெயரை வைப்பார்கள். ஹனோராவின் தகப்பன் பெயர் பார்ட்லி என்பதை டிம்ப்னா முந்தைய பக்கத்தில்தான் பார்த்திருந்தாள். முதல் பேரனுக்குப் பெண் வீட்டுக் கிழவரின் பெயர் விழுந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எத்தனையோ பேருக்கு அவளே விளக்கியிருக்கிறாள். திருமணப் பதிவையும் எடுத்தாள். ரோஜர் டான்சி என்ற பெயருக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துச் சாமியார், மாப்பிள்ளை எங்கிருந்து வந்தார் என்றும் எழுதி வைத்திருந்தார். டெரினஸ்லீவ். மலைக்கு அந்தப் பக்கம், ராஸ்காமன் எல்லை.

அவள் அவசரப்படவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பாலிமோட்டில் ரயிலேறி டப்ளின் போனாள். பஞ்சத்துக்குப் பிறகு நாடு முழுக்க எடுத்த நில மதிப்பீட்டையும், அதன் பின் வந்த திருத்தங்களையும் அங்கே பெரிய புத்தகங்களாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் வேறு நிற மை. கேரோகோர், மேட்டு வீடு: கறுப்பு மையில் பார்ட்லி கிரையன். சிவப்பில் அடித்து, 'விதவை கிரையன்'. பச்சையில் அடித்து, 'ரோஜர் டான்சி'. மேட்டு நிலத்தின் கீழ்க்கோடியில், சதுப்பை ஒட்டி ஒரு துண்டு தனியாகப் பிரிந்து, அதே பச்சையில் 'லூக் கிரையன்'.

பழைய குமாஸ்தாக்கள் பெயரை அழிக்கமாட்டார்கள். மெல்லிய ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்கடியில் பெயர் அப்படியே படிக்கக் கிடக்கும். டிம்ப்னா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த பன்றிக்கறி சாண்ட்விச்சைத் தின்றாள். வேறொருவர் குடும்பமாக இருந்திருந்தால் இதற்குள் வாக்கியம் மனசில் தயாராகியிருக்கும்: 'உங்கள் முன்னோர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர்.' இதைவிடக் கேவலமான எத்தனையோ செய்திகளைக் கண் சிமிட்டாமல் சொல்லியிருக்கிறாள். இன்று அந்த வாக்கியம் வரவில்லை. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு மதிப்புக் கொஞ்சம் குறைந்தது.

வாக்கியம் வராததற்குக் காரணம் உண்டு: சதுப்போரத்தில் இன்றும் லூக் கிரையன் என்று ஒருவர் இருந்தார். பச்சை மையில் இருந்த லூக்கின் கொள்ளுப்பேரன், எண்பது வயது. மாலக்கிக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது. ஏச்சு மட்டும் உண்டு. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, "சதுப்புல தவளை எல்லாம் சௌக்கியமா?" என்று மாலக்கி கேட்பார். "எங்க வீட்டுக் கூரை ஒழுகாம இருக்கா? பாத்துக்கோ, திருப்பிக் குடுக்கணும்," என்பார் லூக். "வந்தேறிப் பய," என்று மாலக்கி எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுப்பார். டிம்ப்னா சிறுமியாக இருந்தபோது அவள் தகப்பனும் லூக்கின் தகப்பனும் இதையேதான் பேசிக்கொண்டார்கள். கூரை, திருப்பிக் கொடுப்பது என்றெல்லாம் கிரையன்கள் சொல்வதைப் பைத்தியக்காரப் பேச்சு என்றே டான்சி வீட்டில் ஒதுக்கியிருந்தார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் அவள் கில்வார்னாவுக்கு ஏறினாள்.

டான்சிகளின் மூன்று எழுத்தில்லாத கற்கள் ஒரு முள்மரத்துக்குக் கிழக்கே நின்றன. மரத்துக்கு மேற்கே கிரையன்களின் கல், அதில் பெயர்கள் இருந்தன. மரம் தானாக முளைத்தது. கல்லறையில் தனியாக முளைத்த முள்மரத்தை அந்த ஊரில் யாரும் வெட்டமாட்டார்கள். வெட்டினவன் குடும்பம் விளங்காது என்று பயம். அதனால் அது நூறு வருஷமாகப் பெருத்துப் பரந்து, இந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பக்கம் தெரியாதபடி மறைத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை கல்லறை ஞாயிறு. ஒவ்வொரு குடும்பமும் தன் தன் கல்லருகே போய் நிற்கும். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு சுற்றி வருவார். மாலக்கி கிழக்கே நிற்பார், லூக் மேற்கே நிற்பார், நடுவில் மரம்.

டிம்ப்னா அன்றைக்கு மரத்தைச் சுற்றி நடந்தாள். அறுபது வருஷத்தில் முதல் முறையாக மேற்குப் பக்கம் போய் நின்று, அங்கிருந்து கிழக்கே பார்த்தாள். கிளைகளுக்கு அடியில் மூன்று கற்கள் தெரிந்தன. இந்தக் கல்லுக்கும் அந்தக் கற்களுக்கும் நடுவே ஒரு ஆள் நீளம் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

செத்தவர்களை அங்கே மேற்கே தலை வைத்துத்தான் கிடத்துவார்கள். உயிர்த்தெழும் நாளில் சூரியனைப் பார்த்து எழவேண்டும். தலைமாட்டுக் கல் மேற்கே இருக்கும். கிழக்கே இருப்பது கால்மாட்டுக் கல். இது அங்கே எந்தக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

இரண்டு கல்லறைகள் இல்லை. ஒரே குடும்பக் கல்லறையின் நடுவில் ஒரு மரம் முளைத்திருந்தது. பெண் எங்கே வாழ்ந்தாலும் செத்த பிறகு பிறந்த வீட்டாரோடு சேர்ப்பது அந்தக் காலத்து வழக்கம். ஹனோராவைத் தன் ஆட்களிடம் இங்கே கொண்டுவந்திருப்பார்கள். வந்த மாப்பிள்ளை ரோஜரை அவருடைய ஊருக்கே தூக்கிப்போயிருப்பார்கள். அவர்கள் மகன் பார்ட்லி உருளைக்கிழங்கு வெட்டப்போன ஸ்காட்லாந்திலேயே புதைக்கப்பட்டவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆக, கில்வார்னாவில் டான்சி என்று ஒருவரும் இல்லை. ஹனோராவைப் பார்க்க வந்த பிள்ளைகளைத் தலைமாட்டில் நிற்க மாமன், சதுப்புக்குப் போன அந்த லூக், விட்டிருக்கமாட்டார். அவர்கள் கால்மாட்டில் நின்றார்கள். மரம் வளர்ந்தது. பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கற்களே தங்கள் கற்கள் என்றாகிவிட்டது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவள் வேறு எப்படியெல்லாமோ யோசித்துப் பார்த்துவிட்டாள், பொருந்தவில்லை.

காற்றில் தனியாக நின்றுகொண்டிருந்த அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சதுப்போரத்து வீட்டில் லூக் ஓர் ஆட்டைத் தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டு குளம்பு சீவிக்கொண்டிருந்தார்.

"உன் அண்ணன் அனுப்பினானா?"

"அவருக்கு நான் வந்ததே தெரியாது, லூக்கண்ணே."

"அப்ப நல்ல விஷயமாத்தான் இருக்கும். உள்ள வா, தாயி."

தேநீர் குடித்தபடி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரோஜர், ஹனோரா, பச்சை மை. லூக் தலையாட்டியபடி கேட்டார். முடித்ததும், "இங்கிலாந்துக்கு அறுப்புக்குப் போன எங்க கொள்ளுத்தாத்தன் திரும்பி வந்தா, அடுப்புக்கு முன்னால அவனோட நாற்காலியில தங்கச்சி புருஷன் உக்காந்திருந்தானாம். வந்த கால்லயே சதுப்புக்கு இறங்கிட்டான்," என்றார். "இதுக்கா டப்ளின் போனே? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"நீங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கமாட்டேன்."

"அதுவும் சரிதான். எங்கப்பா சொன்னதுல பாதி பொய். எந்தப் பாதின்னு எனக்கே தெரியாது."

பிறகு அவள் கால்மாட்டுக் கற்களைப் பற்றிச் சொன்னாள். அது அவருக்குத் தெரியாது. கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் மெல்ல ஏதோ பரவி, இருமல் வரும்வரை சிரித்தார்.

"அப்போ மாலக்கி வருஷா வருஷம் தொப்பியைக் கழட்டிட்டு எங்க தாத்தன் கால் விரலுக்கு ஜெபமாலை சொல்லிட்டிருந்தானா?"

"நானும்தான் சொன்னேன்."

"நீ சொன்னது பலிச்சிருக்கும். அவன் சொன்னதுக்குத்தான் எங்களுக்கு வாதம் வந்திருக்கு."

அவள் விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கல்லில் பெயர் இருக்கும் குடும்பம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் உறவினரைச் சேர்க்கலாம் என்பது விதி. லூக்கின் சிரிப்பு நின்றது.

"ஒரு குழிக்குத்தான் இடம், தாயி. தெற்கு வரிசையில பாறை. நடுவுல மரம். வடக்கு வரிசை ஒண்ணைத்தான் திறக்க முடியும். அதை எனக்குன்னு வச்சிருந்தேன்."

"ஒருத்தர் மேல ஒருத்தர் வைக்கலாமே."

"வைக்கலாம்தான்." லூக் விண்ணப்பத்தை அவள் பக்கமே தள்ளினார். "அவனே வந்து கேக்கட்டும். தாள்ல வேணாம். வாயால கேக்கட்டும். மரத்தைச் சுத்தித் தலைமாட்டுக்கு வந்து கேக்கட்டும்."

மாலக்கியிடம் சொல்வது அவள் எதிர்பார்த்ததைவிடக் கடினமாகவும் சுருக்கமாகவும் இருந்தது. அவர் கோபப்படவில்லை. முட்டைக்கோஸும் பன்றிக்கறியும் இருந்த தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

"அவனைப் போய் வந்தேறின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"ரொம்ப தடவை."

"அந்த ஒரு வரியை எழுதிக் குடுத்திரேன், டிம்ப்னா. டான்சி குடும்பத்து இடம்னு. பொய்யா அது? நம்ம ரத்தம் அங்க கிடக்குதானே?"

"ரத்தம் கிடக்கு. இடம் நம்மளது இல்ல."

"யாரு வந்து பாக்கப்போறா?"

"லூக் வருவாரு. குழி வெட்டுற அன்னிக்கு வந்து கல்லு மேல உக்காந்துக்குவாரு. உன்னைப் பெட்டியில வச்சுக்கிட்டு நான் அவரோட வாதாடணுமா?" சற்று நிறுத்திச் சொன்னாள்: "அவர் வராட்டியும் எழுதமாட்டேன்."

"ஊர்க்காரன் வம்சத்தை எல்லாம் கூலிக்காரன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில என்கிட்டயும் வந்துட்டே," என்றார் அவர். அது ஏச்சா பாராட்டா என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

சில நாட்கள் போன் வரவில்லை. பிறகு ஒரு காலையில் கூப்பிட்டார். "அந்த டெரினஸ்லீவ் எங்க இருக்கு? ரோஜர் போன இடத்துக்கே நானும் போறேன். அங்க யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதில்ல."

மலையைச் சுற்றி அவள் காரை ஓட்டினாள். டெரினஸ்லீவ் கல்லறை அழகாக இருந்தது. புல் வெட்டியிருந்தது, சுவர் நேராக இருந்தது. உள்ளே நுழைந்ததுமே டான்சிகள். வரிசையாக டான்சிகள். மாலக்கி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் படித்தபடி போனார். ஒரு கல்லருகே நின்றுவிட்டார். அவள் பக்கத்தில் போனாள். கல்லில் 'மாலக்கி டான்சி' என்று இருந்தது. பெயருக்குக் கீழே, யாருக்கும் நினைவில்லாத ஒரு வருஷம்.

பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, "யாரைத் தேடறீங்க?" என்றாள்.

"என்னைத்தான்," என்றார் மாலக்கி. "கிடைச்சுட்டேன், பரவாயில்ல."

அந்தப் பெண் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் ஏரி கண்ணில் பட்டது. "நல்ல இடம்தான்," என்றார் அவர். "ஆனா அங்க ஒருத்தனையும் எனக்குத் தெரியாது. அங்க கிடந்துக்கிட்டு நான் யாரை வையறது?"

டிம்ப்னா சாலையைப் பார்த்து ஓட்டினாள். சொந்தம் என்றால் என்ன என்று அவள் படித்த புத்தகங்களில் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் பலவற்றைவிட இது மோசமான பதில் இல்லை என்று நினைத்தாள்.

கல்லறை ஞாயிறு அன்று மழை பெய்து விட்டிருந்தது. குன்றின் மேல் குடும்பங்கள் தத்தம் கற்களருகே குடையோடு நின்றன. வழக்கம்போல மாலக்கியும் டிம்ப்னாவும் மூன்று கற்களருகே நின்றார்கள். ஜெபமாலை தொடங்கியது. மாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் மாலக்கி தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, ஈரப் புல்லில் மெதுவாக மரத்தைச் சுற்றி நடந்தார். பக்கத்துக் குடும்பங்களில் ஜெபம் ஒரு தினுசாகத் தேய்ந்தது. வாய் மட்டும் அசைந்தது, கண்ணெல்லாம் முள்மரத்துக்கு வந்துவிட்டது. டிம்ப்னாவும் பின்னாலேயே போனாள்.

லூக் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "என்ன, வழி தவறிட்டியா?"

"நூறு வருஷமாத் தவறியிருக்கோம்னு என் தங்கச்சி சொல்றா."

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். வந்த விஷயம்?"

மாலக்கி மூச்சு வாங்கினார். மேடு ஏறிய மூச்சு மட்டும் இல்லை அது. "இங்க ஒரு இடம் வேணும்."

"யாரு கேக்குறது?"

மாலக்கி கல்லைப் பார்த்தார். அதில் இருந்த பெயர்களையெல்லாம் இன்றுதான் பார்ப்பதுபோல ஒரு முறை படித்தார். ஹனோரா அவற்றில் இல்லை. பெண்களின் பெயரைச் செதுக்க அந்தக் காலத்தில் யாரும் மெனக்கெடவில்லை.

"ஹனோரா கிரையனோட கொள்ளுப்பேரன்," என்றார்.

லூக் அப்போதுதான் திரும்பினார். இருவரும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இதற்குமுன் எப்போது நின்றார்கள் என்று டிம்ப்னாவுக்கு நினைவில்லை.

"பேனா இருக்கா, தாயி?"

அவள் கொடுத்தாள். லூக் அந்தக் கல்லின் தலையைச் சட்டைக்கையால் துடைத்து, அதன்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

"ஒரே ஒரு விஷயம்," என்றார். "நீ முந்திக்கிட்டா நல்லா ஆழமாத் தோண்டச் சொல்லு. நான் மேல வரணும்."

"நீ முந்திக்கிட்டா?"

"அப்ப நீ மேல. ஆனா புரளாமப் படுக்கணும்."

"கிரையன் மேல டான்சியா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"வீட்டோட மாப்பிள்ளை கடைசியில மெத்தையையும் பிடிச்சுட்டான்னு சொல்லுவாங்க."

மாலக்கி வாழ்க்கையில் முதல் முறையாக லூக்குக்கு அந்தக் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுத்தார். அது லூக்குக்கே பிடிக்கவில்லை போலிருந்தது. "என்னடா, உடம்பு ரொம்ப முடியலையா?" என்று கேட்டார்.

சாமியார் வாளியோடு வந்தார். எப்போதும் மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை தெளிப்பவர், இன்று மூவரும் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்துத் தயங்கினார். பிறகு ஒரே முறை, கையை நன்றாக ஓங்கித் தெளித்தார். தீர்த்தம் கிளைகளில் விழுந்து கீழே சொட்டியது.

டிம்ப்னா தாளை வாங்கித் தன் பங்குக்கு எழுதவேண்டிய வரியை எழுதினாள். மாலக்கி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்: 'கிரையன் குடும்பத்து இடம். விண்ணப்பதாரருக்கு ஹனோரா வழியில் உறவு.'

"டான்சின்னு ஒரு எழுத்துகூடப் போடலையே."

"மேல உன் பேர் இருக்கே, அண்ணே. அதுல இருக்கு."

அவர் தலையாட்டினார். தொப்பியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, ஏரிக்கு அப்பால் பார்த்தார். தொலைவில் பெரிய சாலையின் மேட்டில் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. புதுக் கல்லறை வாசலில் கியர் மாற்றும் இடம் வந்ததும் மாலக்கி தலையைச் சற்றுச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். லாரி மேட்டைத் தாண்டி மறைந்தது. சத்தம் இவ்வளவு தூரம் வரவில்லை.